கால் நாழிகைக் கைமாற்று

மாரிபோர் நகரில், மார்ச் முதல் வாரத்தில்,
அடுப்பு பழுதுபார்க்கும் போஷ்த்யானுக்கு
ஒரே நோய்க்கு ஒன்பது அழைப்புகள்.
"சூடெல்லாம் சரியாக ஏறுகிறது.
மணிதான் பின்தங்குகிறது."

முதலில் அழைத்தவள் யெல்கா.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விடியல் முறை வேலை.
அடுப்பின் பச்சை எண்களை நம்பிக் காலணி மாட்டுகிறவள்.
ஐந்து பதினெட்டுப் பேருந்தை
பிப்ரவரி முழுக்க ஓடிப் பிடித்தாள்.
இந்த மூன்று நாளாகப் பார்ப்பது
அதன் பின்விளக்கை மட்டும்.

பலகையைக் கழற்றினான், ஊதினான்,
புதியதைப் பொருத்தினான்.
கைபேசியைப் பார்த்து மணியைத் திருத்தினான்.
நாற்பது யூரோ.
அவள் கொடுத்த அக்ரூட் ரொட்டித் துண்டு
வண்டியின் முன்பக்கத்தில் கிடந்து காய்ந்தது.

இரண்டாவது வீட்டில் வேறு நிறுவனத்து அடுப்பு.
மூன்றாவது அடுப்பே இல்லை, படுக்கையருகு ரேடியோக் கடிகாரம்;
பல்மருத்துவர் ஸ்வோன்கோ அதைக் கைக்குழந்தைபோல்
துண்டில் சுற்றி எடுத்து வந்தார்.
எல்லாவற்றுக்கும் ஆறு நிமிடம்.
ஐந்தில்லை, ஏழில்லை.
கெட்டுப்போகிற பொருட்கள்
இவ்வளவு ஒற்றுமையாகக் கெடுவதில்லை.

அன்றிரவு இயந்திரத்தை அணைக்காமல்
வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து செய்தி கேட்டான்.

இந்தக் கடிகாரங்களுக்குள் ஊசல் இல்லை, சுருள்வில் இல்லை.
சுவரிலிருந்து வரும் மின்சாரம்
நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் போய்வருவதை
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருக்கும், அவ்வளவே.
ஐம்பது வந்தால் ஒரு நொடி.
ஐம்பது வரத் தாமதமானால்
நொடியும் தாமதம்.
வேறு சாட்சி அதற்கில்லை.

தென்கிழக்கில், ஓர் எல்லைக்கோட்டின் இருபுறமும்,
கணக்கு ஒத்துப்போகாத இரண்டு மின்வாரியங்கள்.
எடுத்தவர் ஒருவர், ஈடுசெய்ய வேண்டியவர் ஒருவர்.
இருவரும் கைகட்டி நிற்க,
போர்த்துகல் கரைமுதல் போலந்துவரை
ஒரே மூச்சில் சுழலும் பேருருளைகள் எல்லாம்
மயிரிழை சோர்ந்தன.
ஜனவரி நடுவிலிருந்து, நாளுக்குக் கொஞ்சம்.
ஒரு விளக்கும் மங்கவில்லை.
ஒரு ரொட்டியும் வேகாமல் போகவில்லை.
கூட்டிப் பார்த்தால்
பதினெட்டாயிரம் அலைகளைக் காணோம்.

என் மொழியில் ஆறு நிமிடத்துக்குக்
கால் நாழிகை என்று பேர்.
உழக்கு, ஆழாக்கு மாதிரி
தலைதட்டி அளந்து
அடுத்த வீட்டுக்குக் கைமாற்றாகத் தரலாம்போல் ஒரு சொல்.
நொடி என்றால் எங்களுக்கு விடுகதையும்தான்.
போஷ்த்யானுக்கு இதெல்லாம் தெரியாது.
அவனை உறுத்தியது நாற்பது யூரோ:
கெடாத பலகையைக் கழற்றியதற்கு வாங்கியது.

மறுநாள் கதவைத் தட்டினான்.
பணத்தை வாங்கி, எண்ணி,
ஈரக் கையோடு மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.
"மூன்று நாள் பிடித்தம் போட்டார்களே,
அதை யாரிடம் போய்க் கேட்பது,
போர்த்துகலிலா?"
அவனிடம் அதற்குப் பலகை இல்லை.

பிறகு வாரியங்கள் கடனை அடைக்கத் தொடங்கின.
உருளைகள் ஒரு மயிரிழை வேகம் கூடின.
மார்ச் கடைசியில் கோடைநேரம் வந்தது;
எல்லோரும் மணியில் ஒன்று கூட்டினார்கள்,
நிமிடத்தை யாரும் தொடவில்லை.
காணாமல்போன அலைகள்
ஒவ்வொன்றாய்ச் சுவர்வழி வீடு திரும்பின.

ஏப்ரலில்
தொடாமல் விட்ட கடிகாரங்கள் தாமாகவே சரியாயின.
திருத்தி வைத்தவையோ
ஆறு நிமிடம் முந்திக்கொண்டு ஓடின.
ஸ்வோன்கோ மறுபடி வந்தார், அதே துண்டோடு.
இன்னும் ஏழு பேர் அழைத்தார்கள், குரலில் கொஞ்சம் காட்டத்துடன்.
அவர்களிடம் காசு வாங்கவில்லை.

யெல்கா மட்டும் அழைக்கவில்லை.
அவள் இப்போது இருட்டோடு நிறுத்தத்துக்கு வந்துவிடுகிறாள்.
திராவாப் பாலத்தின் வளைவில்
முன்விளக்கு இரண்டும் திரும்புவதை
முழுசாகப் பார்க்க நேரமிருக்கிறது.
சில நாள் கையில் ஒரு காப்பியும்.

அவனே ஒருநாள் கூப்பிட்டான்:
"அடுப்பு மணி முந்துமே.
சரிசெய்ய வரட்டுமா?"

"எதை?" என்றாள்.